டாக்சிக்குள் ஒரு பிரம்பு நாற்காலி

கதிரேசா,

இங்கு யாவரும் நலம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பட்டணத்தில் உன் வீட்டிலிருந்து நானும் உன் அம்மாவும் கீரமங்கலம் திரும்பி இன்றைக்குப் பதினெட்டு நாள் ஆகிறது. இந்தப் பதினெட்டு நாளில் நான் உருப்படியாக ஒரு வேலை செய்யவில்லை. வாழைக்குத் தண்ணீர் விடப் போகிறேன், மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், தண்ணீர் பக்கத்துக் கொல்லையில் பாய்ந்து அந்தக் கொல்லைக்காரன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன். "என்னங்க, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று உன் அம்மா கேட்கிறாள். பேயெல்லாம் இல்லை. எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நீ சொன்ன ஒரு வார்த்தைதான். அதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு நல்லது சொல்ல எப்போதும் வாய் வராது, பொல்லாதது சொல்லத்தான் வரும்.

நாங்கள் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தபோது நீயும் மருமகள் சரோஜாவும் பேத்தியும் டாக்சிப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். உன் கையில் ஒரு சின்னப் பிரம்பு நாற்காலி. காலை அறுத்துவிட்டு, முதுகுப் பக்கம் இரண்டு இரும்புக் கொக்கி வைத்து, நடுவில் பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் கட்டுகிற வார் ஒன்றைத் தைத்திருந்தாய். எங்கள் கம்பெனி துரை தன் பிள்ளைக்குக் காரில் இப்படி ஒன்று மாட்டியிருக்கிறார், அதைப் பார்த்துச் செய்தேன், டாக்சியில் எங்கே போனாலும் இதைத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம் என்றாய். டாக்சிக்காரன் சிரித்தான். "இன்னா சார் இது, முடி வெட்ற கடை சேராட்டம் கீது" என்றான். சரோஜா வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் என் மகனை ஒருத்தன் கேலி செய்கிறானே என்று எனக்கு ஆத்திரம். அவன் மேல் பாய வேண்டியவன் உன் மேல் பாய்ந்தேன். "ஏன்டா, பெத்தவன் மடி எதுக்குடா இருக்கு? ஒம் புள்ளைய ஒக்கார வைக்க ஒனக்கு நாற்காலி வேணுமா? தூக்கிப் போடுறா அங்கிட்டு!" என்று கத்தினேன். கத்தினது யார், பார்! பெற்றவன் மடியைப் பற்றிப் பேச இந்த உலகத்திலேயே யோக்கியதை இல்லாதவன். நீ கோபப்படவில்லை. கொக்கியை சீட்டின் முதுகில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "என் கைய நம்ப முடியாதுப்பா. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாய்.

அதற்குப் பிறகு வழி நெடுக உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி புறப்படுமுன் இறங்கி நான்கு கதவையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தாய். ஏறினாய். மறுபடியும் இறங்கி உன் பக்கத்துக் கதவைப் பார்த்தாய். "இன்னா சார், வண்டி வாங்கப் போறியா?" என்று அந்த டாக்சிக்காரன் கேட்டான். குழந்தை வாருக்குள் இருந்துகொண்டு உன்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். நீ ஒரு விரலை மட்டும் கொடுத்தாய். அவள் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப் போனாள். நீ கையை எடுக்கவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலிக்கிறதா என்று நீ கேட்டாய். ஆமாம் என்று சொன்னேன்.

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், நீ ஆபீஸ் போன பிறகு சரோஜா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "மாமா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க வீட்டுல பெரியவங்க முன்னாடி பெத்த புள்ளையத் தூக்கக் கூடாதாமே? கல்யாணத்துல ஒங்க ஊருப் பொம்பளைங்க சொன்னாங்க. சரி, அதான் போலன்னு நெனச்சேன். ஆனா நீங்க இல்லாதப்பவும் அவரு பாப்பாவத் தூக்கறதே இல்ல மாமா. பொறந்ததுல இருந்து ஒரு நாள்கூட இல்ல. பொட்டப்புள்ளைன்னு வெறுப்பா?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும்மா" என்றேன். அந்தக் காபியையும் குடித்தேன். இப்படி ஒரு பிறவி நான்.

அவள் கேட்ட வழக்கத்தை நீயும் அறிவாய். நம் வீட்டில் தன் தகப்பன் எதிரில் எவனும் தன் பிள்ளையைத் தூக்கமாட்டான், மடியில் வைக்கமாட்டான், பேர் சொல்லிக் கொஞ்சமாட்டான். தூக்கினால் மரியாதை தெரியாதவன், பெண்டாட்டிக்கு அடங்கினவன். உன்னை நான் முதன்முதலாகத் தூக்கியது உனக்கு ஏழு மாதம் ஆனபோது. உன் அய்யா, அதாவது என் அப்பா, ஆலங்குடிச் சந்தைக்குப் போயிருந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரை போனேன். வாசல் படலைத் திறக்கிற சத்தம் கேட்டதும், திருடினவன் மாதிரி உன்னை உன் அம்மா கையில் திணித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். வந்தது பால்காரன். உன் அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! உன் தங்கச்சி வள்ளி பிறந்த பிறகு நான் இன்னும் கைதேர்ந்துவிட்டேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள், அய்யா பக்கத்தில் இருந்தால் நான் வேறெங்கோ பார்ப்பேன். அவளுக்கும் பழகிப்போயிற்று. ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு என்ன பழக்கத்தைக் கொடுத்திருக்கிறேன் பார்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். மூன்று தடவை இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். நம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. உனக்கு ஒன்பது வயசு. அய்யாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, பட்டணத்தில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க உன் அம்மா வரவேண்டும், அவள் வந்தால் நீங்கள் இருவரும் வரவேண்டும். எல்லோரும் போய் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். பத்து நாள் கழித்து அய்யாவை அனுப்பினார்கள். ஒரு கண்ணில்தான் ஆபரேஷன், ஆனால் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஜட்கா வண்டி குலுக்கும், தலை ஆடக் கூடாது, டாக்சி பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள் என்றார் டாக்டர். நாங்கள் யாரும் அதற்கு முன் காரில் ஏறினதில்லை. வண்டி என்றால் நமக்கு மாட்டு வண்டிதான். அதற்குக் கதவு ஏது, பூட்டு ஏது?

அய்யாவை டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் உன் அம்மா வள்ளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறி அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் நான். கடைசியாக நீ ஏறி இடதுபக்கக் கதவை ஒட்டி உட்கார்ந்தாய். நான் உனக்குக் குறுக்கே கையை நீட்டிக் கதவை இழுத்தேன். அறைந்து சாத்தினால் அய்யா கண்ணுக்கு அதிருமே என்று மெதுவாக இழுத்தேன். டிரைவர் திரும்பி, "அண்ணாத்தே, டோர் சரியா வுழல. நல்லா இஸ்து சாத்துங்க" என்றான். பட்டிக்காட்டான் என்று நினைத்துச் சொல்கிறான் என எனக்குச் சுருக்கென்றது. "எல்லாம் சாத்தியாச்சு, போப்பா" என்றேன். மறுபடி இழுத்துப் பார்க்க ஒரு நொடி ஆகுமா? ஆகாது. அந்த ஒரு நொடியைத்தான் பத்தொன்பது வருஷமாக நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வாடையில் உன் அம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, புள்ளையக் கொஞ்சம் வாங்கிக்கங்க. எனக்கு மயக்கமா வருது" என்று வள்ளியை நீட்டினாள். என் மடி காலியாகத்தான் இருந்தது. இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது. முன் சீட்டில் அய்யா இருந்தார். கதிரேசா, அந்த மனுஷனுக்குக் கண் கட்டியிருந்தது! இரண்டு கண்ணும் கட்டியிருந்தது! நான் வள்ளியை மடியில் வைத்தால் அவருக்குத் தெரியப்போகிறதா? பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டு அவர் காதில் விழுந்துவிடுமோ என்று கூசினேன். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பெரிதாக ஒரு காரணம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "டேய், தங்கச்சியப் புடிச்சுக்க" என்று வாங்கி உன்னிடம் தள்ளினேன். நீ அவளை உன் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாய். ஒன்பது வயசுப் பயலுக்குத் தெரிந்தது அத்தனையும் நீ செய்தாய். அவள் கதவில் சாய்ந்துகொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாள்.

உன் அம்மா மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். வண்டி வலதுபக்கம் திரும்பியது. கதவு தானாகத் திறந்தது. நீ கைப்பிடியைத் தொடவே இல்லை. உன் இரண்டு கையும் அவள் இடுப்பில்தான் இருந்தது, நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன். அவள் போனபோது நீ விடவில்லை, நீயும் அவளோடு சேர்ந்து பாதி வெளியே போய்விட்டாய். நான் உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நான் இழுத்த இழுப்பில்தான் உன் கை அவிழ்ந்தது. இதை உனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தானே, நான் சொல்லவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உன் அம்மா ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, "நான் சொன்னேனே சார், டோர் வுழலன்னு சொன்னேனே" என்று எல்லோரிடமும் கதறினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன் சீட்டிலிருந்து அய்யா கையால் துழாவிக்கொண்டு, "என்னடா சத்தம்? யாருடா கதவத் தொறந்தது?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "பயதான்யா கைப்பிடியத் திருகிப்புட்டான்." அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தங்கு தடையில்லாமல் வந்தது. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "நான் தொறக்கலப்பா" என்றாய், ஒரே ஒரு தடவை. "வாய மூடுறா" என்றேன். நீ மூடிக்கொண்டாய். சின்னப் பயல், தெரியாமல் செய்துவிட்டான் என்று ஊர் விட்டுவிடும், நாளாக ஆக நீயும் மறந்துவிடுவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் பாவத்துக்கு உன் தலையில் பழியைப் போட்டேன். வள்ளியை அந்த ஊர் மண்ணிலேயே வைத்துவிட்டு மறுநாள் ரயிலேறினோம்.

நீ மறக்கவில்லை. நம்பத் தொடங்கிவிட்டாய். அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உன் அத்தை தன் கைக்குழந்தையை விளையாட்டாக உன் மடியில் வைத்தபோது உன் அம்மா ஓடிவந்து, "அவங்கிட்டக் குடுக்காதீங்க" என்று பிடுங்கினாளே, அன்றைக்கு நான் அங்கேதான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் உன்னை அடித்ததில்லை, திட்டினதில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு உன் தலையில் எண்ணெய் வைக்கவில்லை, கையைப் பிடித்து நடக்கவில்லை. நீயும் கிட்டே போகவில்லை. ஒரே வீட்டில் தாயும் பிள்ளையும் இடையில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி விலகி விலகி நடந்தீர்கள். அய்யா செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் ஆகிறது. சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு, எடுத்துக் காட்டுகிற தைரியம் எங்கிருந்து வரும்? உன் கல்யாணத்தன்று மணவறையில் சரோஜாவின் கையைப் பிடிக்கத் தயங்கினாய், கூச்சம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தகப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொல்கிறேன், பிடித்தால் கேள். அந்த நாற்காலியை விடாதே. நான் கத்தியதை, டாக்சிக்காரன் சிரித்ததை, சரோஜா வெட்கப்பட்டதைப் பொருட்படுத்தாதே. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவன் வேண்டாமென்றால் அடுத்த வண்டி வரும் வரை நில். கதவு சரியில்லை என்று டிரைவர் சொன்னால் அவன் மகா உத்தமன் என்று நினைத்துக்கொள், இறங்கி அறைந்து சாத்து. முன் சீட்டில் எவன் உட்கார்ந்திருந்தாலும், அது நானாக இருந்தாலும் சரி, எவனுடைய கண்ணுக்கும் காதுக்கும் பயந்து உன் பிள்ளையை இன்னொரு பிள்ளையின் கையில் கொடுக்காதே. ஆனால் கதிரேசா, வண்டியை விட்டு இறங்கினதும் வாரை அவிழ்த்து அவளைத் தூக்கு. உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. அவள் கையை நீட்டினாளே, நீ ஒரு விரலைக் கொடுத்தாயே, அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அவளுக்குத் தெரியாமலே அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பிறகு என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. இன்று காலையில் அவளை உட்கார வைத்து முதல் எழுத்திலிருந்து படித்துக் காட்டினேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை. முடித்ததும், "அப்ப அவன் தொறக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "நெசமாச் சொல்லுங்க. எம்புள்ள தொறக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். முறம் அப்படியே கிடக்க எழுந்து போய், பெட்டியைத் திறந்து இரண்டு சேலையை எடுத்து மஞ்சள் பையில் வைத்தாள். "பத்தொம்பது வருசம். எம்புள்ளைய நான் தொடலையே, பாவி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பாவி என்றது அவளையா என்னையா என்று நான் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன். "நீங்க வர வேணாம்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

உன் மாமன் சைக்கிளில் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்துவிட்டான். புதுக்கோட்டை வரை பஸ்ஸில் கூடப் போய் ரயிலேற்றிவிடுவான். அங்கிருந்து தனியாகத்தான் வருகிறாள், பெண்கள் பெட்டியில். தனியாக ஆலங்குடிக்குக்கூடப் போனவளில்லை. இந்தக் கடிதத்தையும் தபாலில் போட வேண்டாம், தானே கொண்டுபோகிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நின்றுகொண்டே, "இன்னும் என்ன எழுதுறீங்க? பஸ்ஸு வந்துரும்" என்று அதட்டுகிறாள். மன்னித்துக்கொள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதையும் உன் தலையில் ஏற்ற வேண்டாம்.

நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். நீயாகக் கிட்டே வரும்வரை உன்னைத் தொட அவளுக்குத் துணிச்சல் இருக்காது. என்னைப் பற்றி அப்புறம் நினைக்கலாம், நினைக்காமலும் விடலாம். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போ.

உன் அப்பா